ஏசர் டி250 நெட்புக்: எக்ஸ்பியை எடுத்துவிட்டு என்ன போடலாம்? (32 பிட், 1 ஜிபி, தமிழ் தட்டச்சு அவசியம்)

#1 தாட்டன் தம்பி

வணக்கம். கோயில் மாலை வகுப்புக்கு ஒரு ஏசர் ஆஸ்பயர் ஒன் டி250 வந்திருக்கிறது. இன்டெல் ஆட்டம் என்270 சிப், 1 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் அடிக்க வேண்டும், பிடிஎஃப் பார்க்க வேண்டும், எப்போதாவது போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு பக்கம் திறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பேட்டரி 20 நிமிஷம்கூட நிற்காது. இங்கே மியான்மரில் கரண்ட் நிலவரம் எல்லோருக்கும் தெரிந்ததே.

டெபியன் 13 (லினக்ஸ் ஓஎஸ்) ஐஎஸ்ஓவை, அதாவது நிறுவல் கோப்பை, பென் டிரைவில் எழுதிப் போட்டேன். இந்தக் கெர்னலுக்கு (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) எக்ஸ்86-64 (64 பிட்) சிபியூ வேண்டும், இங்கே இருப்பது ஐ686 (32 பிட்) என்று ஒரே ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. பென் டிரைவ் கோளாறா? பயாஸில் ஏதாவது மாற்ற வேண்டுமா? லுபுண்டு (உபுண்டு லினக்ஸின் இலகு வடிவம்) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர்.

#2 பழைய இரும்பு

பென் டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. என்270 முழுக்க முழுக்க 32 பிட் சிப். 2008ல் வந்தது. பயாஸில் எதைத் திருப்பினாலும் 64 ஆகாது. நெட்புக் ஆட்டத்தில் 64 பிட் வந்ததே 2010 தொடக்கத்தில் என்450 வந்த பிறகுதான்.

கடைக்காரர் சொல்வது பழைய கதை. உபுண்டு குடும்பத்தில் 32 பிட் நிறுவி 2018ஓடு முடிந்துவிட்டது. டெபியன் 13 (2025 ஆகஸ்ட்) 32 பிட் பிசிக்கான நிறுவி, கெர்னல் இரண்டையும் கைவிட்டது. ஆகவே உங்களுக்கு டெபியன் 12, ஐ386 (32 பிட்) பதிப்பு. பாதுகாப்பு இற்றைகள் 2028 ஜூன் வரை உண்டு. அதே டெபியன் 12ன் மேல் கட்டிய ஆன்டிஎக்ஸ் 23, எம்எக்ஸ் 23, கியூ4ஓஎஸ் 5, எல்எம்டிஈ 6 எல்லாவற்றுக்கும் 32 பிட் பதிப்பு இருக்கிறது. இவற்றில் எல்எம்டிஈ 6ன் சினமன் மேசையை (ஜன்னல், மெனு எல்லாம் தரும் திரைச்சூழல்) 1 ஜிபியில் ஓட்டுவது மாட்டுவண்டியில் நெல் மில்லை ஏற்றுவது மாதிரி. விட்டுவிடுங்கள்.

எந்த ஓஎஸ் என்பதைவிட முக்கியமான ஒன்று: அடிப்பக்கம் சிறிய மூடியைத் திறந்தால் ஒரே ஒரு ராம் இடம்தான் இருக்கும். 200 பின் டிடிஆர்2 சோடிம், 2 ஜிபி ஒற்றைத் துண்டு. 533, 667 எதுவானாலும் சரி, 667 துண்டு தானே 533க்கு இறங்கி ஓடும். டிடிஆர்3 வாங்கிவிடாதீர்கள், அதற்கு 204 பின், பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், நுழையாது. 2 ஜிபிக்கு மேல் இந்த 945ஜிஎஸ்ஈ சிப்செட் ஏற்காது. நிறுவுவதற்கு முன்பே ராமை மாற்றி, மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச்சுற்று ஓடட்டும். பழைய மார்க்கெட் ராமில் ஒரு பிட் கெட்டிருந்தால் நிறுவல் பாதியில் பொதி (மென்பொருள் தொகுப்பு) சிதைந்தது என்று நிற்கும். நீங்கள் ஐஎஸ்ஓவைத் திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருப்பீர்கள்.

#3 சூலே சந்து

இரும்பு அண்ணன் சொல்வது சரி, ஆனால் வெறும் டெபியனைவிட ஆன்டிஎக்ஸ் எளிது. ஐஸ்டபிள்யூஎம் மேசையோடு வருகிறது, ஏறிய நிலையில் ஏறக்குறைய 150–200 எம்பிதான் பிடிக்கும். சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) இல்லை. லைவ்வாக ஓட்டி வைஃபை, ஒலி, திரை எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டே நிறுவலாம். டெபியன் நிறுவியில் அந்த வசதி கிடையாது.

புதுசாக ஏதாவது பார்க்க ஆசையிருந்தால், லினக்ஸ் அல்லாத தனி ஓஎஸ்ஸான ஹைக்கூவின் 32 பிட் பதிப்பையும் பாருங்கள். பீட்டா 5, 2024 செப்டம்பரில் வந்தது. இந்த மாதிரி மெஷினில் அது ஏறும் வேகமே தனி. 384 எம்பி ராம் போதும்.

#4 சால்வின் கரை

சந்து, ஹைக்கூ அழகுதான். ஆனால் தம்பி கேட்பது தமிழ். ஹைக்கூவின் சொந்தச் செயலிகளில் கூட்டெழுத்து அமைப்பு கிடையாது. "கொ" என்பதில் கொம்பும் காலும் தங்கள் இடத்துக்குப் போகாமல் எழுத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். கியூடி என்ற கருவித்தொகுப்பில் எழுதிய செயலிகளில் மட்டும் சரியாக வரும். கோப்பின் பெயரே உடைந்து தெரிகிற மெஷினில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க முடியாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தம்பி, டிஸ்க்கைத் துடைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எக்ஸ்பி மெஷினில் இருக்கும் பழைய தமிழ்க் கோப்புகள் பாதிக்கு மேல் யூனிகோடில் இருக்காது. பாமினி, டாப், திஸ்கி, இன்னும் யாரோ செய்த தனி எழுத்துரு என்று இருக்கும். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவார்கள். அதனால் ஆவணங்களோடு விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறையையும் அப்படியே பென் டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். பிறகு லினக்ஸில் வீட்டுக் கோப்புறைக்குள் எழுத்துருவுக்கென்று ஒரு கோப்புறை போட்டு, தேவையானதை மட்டும் அதில் வைத்தால் பழைய கோப்பு படிக்கும்படி திறக்கும். அதன்பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பர்மியக் கோப்புகளுக்கும் இதே கதைதான். 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறும் முன் அடித்தது பெரும்பாலும் ஸாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கும். ஸாஜி எழுத்துருவை எடுத்து வையுங்கள், ஆனால் அதை முதன்மை எழுத்துருவாக மட்டும் ஆக்காதீர்கள். ஸாஜியும் யூனிகோடும் ஒரே குறியெண்களைப் பங்குபோட்டுக்கொள்வதால், அது முன்னால் வந்தால் சரியான யூனிகோட் பர்மியம் முழுக்கச் சிதைந்து தெரியும். சாதாரணப் பார்வைக்கு படாவுக் என்ற யூனிகோட் எழுத்துரு போதும்.

#5 பன்னிரண்டு வோல்ட்

எல்லோரும் மென்பொருளையே பேசுகிறீர்கள். பேட்டரி செத்த மெஷினில் கரண்ட்டை நம்பி நிறுவலைத் தொடங்கக்கூடாது. என்270ம் சுழலும் டிஸ்க்கும் சேர்ந்தால் டெபியன் மேசையோடு ஏற முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். துவக்கி (கிரப்) எழுதுவது ஏறக்குறைய கடைசி வேலை. 50வது நிமிஷம் கரண்ட் போனால் எல்லாம் இருந்தும் மெஷின் ஏறாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த ஏசரின் அடாப்டர் 19 வோல்ட், 1.58 ஆம்பியர், அதாவது 30 வாட். மெஷின் உண்மையில் இழுப்பது 10 முதல் 15 வாட். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி ஒன்றும், 12ஐ 19 ஆக்கும் ஒரு பூஸ்ட் மாட்யூலும் போதும். கணக்கு இதோ: 12 × 7 = 84 வாட்-மணி. ஈயப் பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் ஆயுள் குறையும், ஆக 42. மாட்யூலில் 10–15 சதம் வெப்பமாகப் போகும், மீதி 36 சொச்சம். 12 வாட்டுக்கு மூன்று மணி நேரம். ஒரு வகுப்புக்கும் மேலே.

மாட்யூலை முதலில் மெஷினில் மாட்டாமல் மல்டிமீட்டரில் 19.0 வைத்துத் திருகை நிறுத்துங்கள், பிறகுதான் பின்னைச் செருக வேண்டும். புது மாட்யூல் எந்த அளவில் திருகப்பட்டு வரும் என்று சொல்ல முடியாது, 30க்கு மேலும் இருக்கலாம். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ். ஒயரின் மறுமுனையில் ஃபியூஸ் போட்டால் நடுவில் ஒயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது வேடிக்கை பார்க்கும்.

இன்வெர்ட்டர் வழியாகவும் ஓட்டலாம். ஆனால் 12ஐ 230 ஆக்கி, திரும்ப 19 ஆக்குவதில் இரண்டு இடத்தில் சுங்கம் கட்டுகிறீர்கள்.

#6 தாட்டன் தம்பி

2 ஜிபி ராம் கிடைத்தது, மெம்டெஸ்ட் பிழையில்லாமல் ஒரு சுற்று முடிந்தது. எழுத்துருக்களும் எடுத்தாயிற்று. டெபியன் 12 என்று முடிவு. டேட்டா விலைக்கு எந்த ஐஎஸ்ஓ நல்லது? எழுதுவதற்கு என்னிடம் இருப்பது இதே எக்ஸ்பி மெஷின்தான்.

#7 பழைய இரும்பு

இரண்டு வழி. நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ 700 எம்பி அளவு, ஆனால் மேசை, லிப்ரேஆபீஸ் என்று நிறுவும்போது இன்னும் அதே அளவுக்குமேல் இறங்கும், அதுவும் நடுவில் அறுபடாமல். முதல் டிவிடி ஐஎஸ்ஓ 4 ஜிபிக்குள், ஆனால் அதை வைத்து இணையமே இல்லாமல் முழுமேசையும் போடலாம். நல்ல இணைப்பு உள்ள இடத்தில் ஒருவர் இறக்கிவைத்தால் பத்துப் பேர் பென் டிரைவில் பகிர்ந்துகொள்ளலாம். நம் ஊருக்கு டிவிடிதான். இறக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும் கருவியைப் பயன்படுத்துங்கள். முடிந்ததும் ஷா256 எண்ணை (கோப்பின் சரிபார்ப்பு எண்) கட்டாயம் ஒத்துப்பாருங்கள். அறுந்து அறுந்து இறங்கிய கோப்பு அளவில் சரியாக இருந்தும் உள்ளே ஓட்டையாக இருக்கும்.

எக்ஸ்பியில் எழுத ரூஃபஸ் 2.18. எக்ஸ்பியில் ஓடும் கடைசிப் பதிப்பு அதுதான், புதியது திறக்காது. பிரிவு முறை எம்பிஆர், இலக்கு பயாஸ். இந்த மெஷினில் யூஈஎஃப்ஐ (பயாஸுக்குப் பின்வந்த முறை) கிடையாது. எழுதத் தொடங்கும்போது ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்டால் டிடி. 8 அல்லது 16 ஜிபி பென் டிரைவ் போதும். பெரிய டிரைவ் வேண்டாம், பழைய பயாஸ்களில் சில 137 ஜிபிக்கு மேல் படிக்கத் தெரியாதவை.

ஏற்றுவது: இயக்கியதும் எஃப்2, பயாஸுக்குள் "எஃப்12 பூட் மெனு" என்ற வரியை இயக்கு நிலைக்கு மாற்றுங்கள். பல ஏசர்களில் அது அணைந்தே இருக்கும், எஃப்12ஐ எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் வராது. அங்கேயே தேதியையும் பாருங்கள். 2009 என்று காட்டினால் உள்ளே காசு பேட்டரி செத்துவிட்டது. இப்போதைக்குச் சரியான தேதியை வையுங்கள், அதன் விளைவுகளுக்குப் பிறகு வருகிறேன்.

நிறுவியின் முதல் பட்டியலில் கிராஃபிக்கல் இன்ஸ்டாலை விட்டு, வெறும் இன்ஸ்டால் என்பதை எடுங்கள். எழுத்துமுறை நிறுவி நினைவகம் குறைவாகப் பிடிக்கும், 1024 × 600 திரையில் எதுவும் வெட்டுப்படாது. மொழி ஆங்கிலம். தமிழ் மொழித் தேர்வு கிராஃபிக்கல் நிறுவியில் மட்டுமே உண்டு. அது இருந்தாலும் வேண்டாம் என்பேன், ஏனென்றால் லினக்ஸின் கருப்புத்திரைக்குத் தமிழ் வராது. என்றாவது மேசை ஏறாமல் கருப்புத்திரையில் நிற்கும்போது பிழைச்செய்தி முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும், யாரும் உதவ முடியாது. இடம்: ஆசியா, மியான்மர். நேரவலயம் யாங்கோன், கூட்டல் 6:30 என்று தானாக வரும்.

ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டால் உங்கள் பயனருக்கே சூடோ (நிர்வாகி உரிமை) கிடைக்கும். டிஸ்க் பிரிப்பு: 25 ஜிபி ரூட் (ஓஎஸ் இருக்கும் பிரிவு), 2 ஜிபி ஸ்வாப் (ராம் நிறைந்தால் உதவும் இடம்), மீதி வீடு (பயனர் கோப்புகளின் பிரிவு). ஈஎக்ஸ்டி4. வீட்டைத் தனியாக வைத்தால் நாளை ஓஎஸ் மாற்றும்போது பிள்ளைகளின் கோப்புகள் அப்படியே இருக்கும்.

நெட்வொர்க் மிரர் (பொதிகளை இணையத்தில் தரும் இடம்) வேண்டுமா என்று கேட்டால் இல்லை. மென்பொருள் தேர்வில் க்னோம் குறியை ஸ்பேஸ்பார் தட்டி எடுத்துவிட்டு எல்எக்ஸ்டிஈ. ஏறிய நிலையில் 250–300 எம்பி. 2 ஜிபியில் தாராளம்.

கடைசியில் கிரப் எந்த டிஸ்க்கில் என்று கேட்கும் இடத்தில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். எஸ்டிஏ (லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கும் பெயர்) என்று முதலில் இருப்பது உங்கள் பென் டிரைவாக இருக்கலாம். எழுத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் வரும் டிஸ்க்கின் மாடல் பெயரைப் பாருங்கள்.

#8 பெகு பையன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஆஸ்பயர் ஒன் டி270, ஆட்டம் என்2600. இணையத்தில் 64 பிட் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் நான் டெபியன் 13 போடலாம்தானே?

#9 பழைய இரும்பு

போடலாமா என்பதை மெஷின்தான் சொல்லும். என்2600 சிப்புக்கு 64 பிட் தெரியும். ஆனால் அதை வைத்து வந்த நெட்புக்குகள் பலவற்றில் பயாஸ் அதை 32லேயே பூட்டி வைத்திருக்கிறது. 64 பிட் ஐஎஸ்ஓவை எழுதி ஏற்றிப் பாருங்கள். தம்பிக்கு வந்த அதே வரி வந்தால் பூட்டு, வராவிட்டால் திறந்திருக்கிறது.

உங்கள் உண்மையான தலைவலி வேறு. அதில் இருக்கும் ஜிஎம்ஏ 3600, இன்டெல் பெயரில் இருந்தாலும் உள்ளே பவர்விஆர். லினக்ஸில் ஜிஎம்ஏ500 இயக்கி திரையை 1024 × 600ல் காட்டும், அவ்வளவுதான். முப்பரிமாண முடுக்கம் கிடையாது, எல்லா வரைவும் சிபியூ தலையில். டெல் மினி 10 சில மாடல்களில் இருக்கும் ஜிஎம்ஏ 500ம் இதே ஜாதி. வினோதம் என்னவென்றால், உங்களைவிட மூன்று வருஷம் பழைய தம்பியின் ஜிஎம்ஏ 950 லினக்ஸில் உங்களுடையதைவிட ஒழுங்காக ஓடும். நிழல், மங்கல் விளைவுகள் இல்லாத ஐஸ்டபிள்யூஎம் அல்லது ஜேடபிள்யூஎம் போடுங்கள். ராம் 2 ஜிபி டிடிஆர்3, அதற்குமேல் அந்தச் சிப்பும் ஏற்காது.

#10 தாட்டன் தம்பி

நிறுவினேன். பன்னிரண்டு வோல்ட் அண்ணனின் பேட்டரி வழியில்தான், நடுவில் ஒருமுறை கரண்ட் போயும் எதுவும் ஆகவில்லை. ஆனால் மூன்று சிக்கல்.

1. பென் டிரைவ் செருகியிருந்தால் மட்டும் ஏறுகிறது. எடுத்தால் கருப்புத்திரையில் ஒரு கோடு மின்னுகிறது. (ஆம், எஸ்டிஏவைத்தான் எடுத்தேன்.)
2. வைஃபை பட்டியலே இல்லை.
3. போனோடு இணைத்து இற்றை செய்தால் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்கிறது.

#11 பழைய இரும்பு

மூன்றையும் எதிர்பார்த்தேன்.

முதலாவது: பென் டிரைவோடு ஏற்றி, மேசைக்கு வந்ததும் பென் டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். சூடோவோடு டிபிகேஜி-ரீகன்ஃபிகர் கட்டளையை கிரப்-பிசி என்ற பொதிக்குக் கொடுங்கள். இரண்டு கேள்வியை எண்டர் தட்டிக் கடந்தால் டிஸ்க் பட்டியல் வரும். ஹார்ட் டிஸ்க்கை ஸ்பேஸ்பாரில் குறியிட்டு ஓகே. வெறுமனே எண்டர் தட்டினால் குறி விழாது, எங்கும் எழுதாமல் முடிந்துவிடும்.

மூன்றாவது: அது செத்த காசு பேட்டரியின் வேலை. தேதி பின்னால் போய்விட்டால், இன்று கையெழுத்திட்ட பொதிப்பட்டியல் மெஷினின் கண்ணுக்கு எதிர்காலத்தில் இருக்கிறது, அதனால் மறுக்கிறது. உலாவியில் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டுவதும் இதனால்தான். தேதியைக் கையால் வைத்துவிட்டு இற்றை செய்யுங்கள். நிரந்தர வழி பேட்டரியை மாற்றுவது. சில மெஷின்களில் கூட்டில் உட்காரும், சிலவற்றில் ஒயரோடு ஒட்டியிருக்கும், திறந்து பார்த்து அதே வகையை வாங்குங்கள். அதுவரை, சிஸ்டம்டியின் நேர ஒத்திசைவுச் சேவை கடைசியாகத் தெரிந்த நேரத்தை டிஸ்க்கில் குறித்து வைக்கும். அடுத்தமுறை ஏறும்போது குறைந்தது அந்த நேரத்திலிருந்தாவது தொடங்கும், 2009க்குப் போகாது.

எக்ஸ்பியை ஓரமாக வைத்து இரட்டை ஏற்றம் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: எக்ஸ்பி உள்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் யூடிசியை. மாறி மாறி ஏற்றினால் கடிகாரம் சரியாக ஆறரை மணி நேரம் தள்ளிக் காட்டும். அது பேட்டரிக் கோளாறு இல்லை. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் உள்ளூர் ஆர்டிசி அமைப்பை 1 ஆக்கினால் தீர்ந்தது.

இரண்டாவது: உள்ளே இருக்கும் அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை என்ன காட்டுகிறது? டி250 இரண்டு வகை அட்டையோடு வந்தது. ஏதெரோஸ் என்றால் ஃபர்ம்வேரே (அட்டைக்குள் ஏற்றும் சிறு மென்பொருள்) தேவையில்லை, தானாக வந்திருக்க வேண்டும். பிராட்காம் பிசிஎம்4312 என்றால் காரணம் தெரிந்ததே.

#12 தாட்டன் தம்பி

பிராட்காம் 4312. கிரப் சரியானது, இற்றையும் ஓடுகிறது. நன்றி அண்ணே.

#13 பழைய இரும்பு

டெபியன் 12 நிறுவியில் ஃபர்ம்வேர் கோப்புகள் பெரும்பாலானவை சேர்ந்தே வருகின்றன. ஆனால் இந்தப் பிராட்காமுக்கானதை மறுவிநியோகம் செய்ய உரிமை இல்லாததால் அது ஐஎஸ்ஓவில் இருக்காது. பொதிமூலப் பட்டியலில் கான்ட்ரிப் பகுதியைச் சேர்த்து, ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் என்ற பொதியை நிறுவுங்கள். அது தானே இணையத்திலிருந்து இழுத்துப் பிரித்து வைக்கும்.

வைஃபைக்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்ற சுழலுக்கு ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி ஒயரில் செருகி, போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங் போடுவதே விடை. லினக்ஸ் அதைக் கம்பி வலைப்பின்னலாகவே பார்க்கும், இயக்கி எதுவும் வேண்டாம். முடிந்ததும் ஒருமுறை மறு ஏற்றம்.

அதன்பிறகும் வராவிட்டால், வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் பட்டியலைப் பாருங்கள். ஹார்ட் பிளாக்ட் என்றால் முதலில் உடம்பில் இருக்கும் வைஃபை சுவிட்ச். அதைத் தள்ளியும் மாறவில்லை என்றால் ஏசர்-டபிள்யூஎம்ஐ மாட்யூல் பொய் சொல்கிறது. அதைத் தடைப்பட்டியலில் போடுங்கள்.

டிவிடி ஐஎஸ்ஓவில் இருக்கும் மற்ற பொதிகளைப் பிறகு நிறுவ, பொதிமூலப் பட்டியலில் இருக்கும் சிடிராம் வரி உதவாது. டிஸ்க்கைப் போடு, டிஸ்க்கைப் போடு என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஐஎஸ்ஓவை வீட்டுப் பிரிவில் நகலெடுத்து, லூப் முறையில் மவுண்ட் செய்து, அந்த வரியை எடுத்துவிட்டு ஃபைல் என்று தொடங்கும் வரியாக அந்த இடத்தைக் காட்டுங்கள். டேட்டா செலவில்லாத பொதிக்கடை.

#14 சால்வின் கரை

இனி தமிழ். எழுத்துருவுக்கு லோஹித் தமிழ் அல்லது நோட்டோ. தட்டச்சுக்கு எல்எக்ஸ்டிஈயின் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்நெட்99 என்று ஒன்று தெரியும். அதைப் போட்டுவிட்டு "புள்ளி தானாக விழவில்லை" என்று கேட்கிறவர்கள் நிறைய. அது எக்ஸ்கேபி, லினக்ஸின் அடிப்படை விசைப்பலகை அமைப்பு. ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற அளவுக்குத்தான் அதற்குத் தெரியும், முன்னால் என்ன அடித்தோம் என்று பார்க்காது. தமிழ்99இன் உயிரே முன்னெழுத்தைப் பார்த்துப் புள்ளி வைப்பதுதான். அதற்கு ஐபஸ்-எம்17என் என்ற உள்ளீட்டுப் பொதியை நிறுவுங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி எல்லாம் அதில் இருக்கிறது. எக்ஸ்பியில் இ-கலப்பையிலோ அழகியிலோ ஆங்கில ஒலியில் அடித்துப் பழகியவர்களுக்கு ஒலிபெயர்ப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும், சில எழுத்துகளுக்கு விசை மாறும்.

ஐஎம்-கன்ஃபிக் ஓட்டி ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். நுழையாமலே "வேலை செய்யவில்லை" என்று வராதீர்கள்.

எழுத லிப்ரேஆபீஸ் முழுத்தொகுப்பு வேண்டாம், ரைட்டர் மட்டும் போதும். கூடவே லிப்ரேஆபீஸ்-ஜிடிகே3 என்ற சிறு பொதி. அது இல்லாவிட்டால் மற்ற இடங்களில் தமிழ் வந்து, ரைட்டரில் மட்டும் தடுமாறும். ரைட்டரின் மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறை என்ற குறியைப் போட்டு, அதன் இயல்பு எழுத்துருவையும் தனியாகத் தேர்ந்தெடுங்கள். மேற்கத்திய எழுத்துருவை மட்டும் மாற்றிவிட்டுத் தமிழ் மாறவில்லை என்று தேடக்கூடாது. தமிழ் அந்த இரண்டாவது வரிசையில் இருக்கிறது. மெனு பர்மியம், உள்ளடக்கம் தமிழ் என்று கலந்து அடிக்கிறவர்களுக்கும் இதுவே. பர்மியமும் அதே வரிசைதான், ஆகவே பத்திப்பாணி ஒன்றைப் பர்மியத்துக்குத் தனியாக வையுங்கள்.

#15 சூலே சந்து

வேகத்துக்கு என் பங்கு. இசட்ராம்-டூல்ஸ் (ராமுக்குள்ளேயே அமுக்கி வைக்கும் ஸ்வாப்) பொதியைப் போட்டு, முறை எல்இசட்4, அளவு 50 சதம். இசட்எஸ்டிடி அதிகம் அமுக்கும், ஆனால் இந்த ஒற்றைக்கோர் ஆட்டம் மூச்சுவாங்கும். ஸ்வாப்பினஸ் (ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்ற அளவு) 100. டிஸ்க் ஸ்வாப்பும் இருக்கட்டும், முன்னுரிமை இசட்ராமுக்கு.

உலாவி: ஃபயர்ஃபாக்ஸ் 144ஓடு 32 பிட் லினக்ஸ் பதிப்பு முடிந்தது, நீண்டகால வரிசையில் ஈஎஸ்ஆர் 140தான் கடைசி. கூகுள் குரோம் 2016லேயே போய்விட்டது. ஒரே சமயத்தில் இரண்டு தாவலுக்குமேல் திறக்காமல், விளம்பரத்தடுப்பானோடு ஓட்டுங்கள். ஜிஎம்ஏ 950க்கு எச்.264 பிரிக்கும் வன்பொருள் கிடையாது, ஆகவே உலாவிக்குள் வீடியோ படம் படமாக நகரும். 360பியில் இறக்கி எம்பிவி என்ற பிளேயரில் பார்த்தால் ஓடும். பிடிஎஃப்க்கு மியூபிடிஎஃப்.

காசு இருந்தால் 120 ஜிபி எஸ்எஸ்டி. இந்த மெஷினின் சாட்டா 1.5 ஜிகாபிட், வினாடிக்கு 150 எம்பிக்குமேல் போகாது. ஆகவே எந்த மலிவு எஸ்எஸ்டியும் இங்கே ஒன்றுதான். பழைய டிஸ்க் 9.5 மிமீ, எஸ்எஸ்டி 7 மிமீ. இடைவெளிக்கு ஒரு அட்டைத்துண்டு வைக்காவிட்டால் தூக்கும்போது கனெக்டர் ஆடும்.

#16 பன்னிரண்டு வோல்ட்

டிஸ்க் மாற்றாவிட்டாலும், டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். கெட்ட பகுதிகளைக் கணக்கிடும் 5ஆம் வரியும் 197ஆம் வரியும் பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் அந்த டிஸ்க்கில் பயிற்சித்தாளை மட்டும் வைக்காதீர்கள்.

அடாப்டர் பற்றி மற்றவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இந்த இழையைப் பார்த்து வேறு மெஷின்காரர்களும் 19 வோல்ட் வைப்பார்கள். ஆசுஸ் ஈ பிசி 701க்கு 9.5 வோல்ட். 901, 1000எச் இரண்டுக்கும் 12 வோல்ட் 3 ஆம்பியர். 1005எச்ஏவுக்கு 19 வோல்ட். ஒரே பெயர்க் குடும்பத்தில் மூன்று வோல்டேஜ். பின் நுழைகிறது என்பதற்காகச் செருகாதீர்கள், அடிப்பக்கத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட் மாடல்காரர்களுக்கு ஆசை வரும், பேட்டரியை நேராகவே செருகலாமே என்று. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் ஈயப் பேட்டரி 14.4 வரை போகும். நடுவில் 12ல் நிறுத்தும் பக்-பூஸ்ட் ஒன்று இருக்கட்டும்.

#17 பெகு பையன்

பூட்டுதான். அதே வரி வந்தது. 32 பிட் ஆன்டிஎக்ஸ் லைவ்வாக ஏறிவிட்டது, திரை சரி. நிறுவியின் ஜன்னல் மட்டும் திரையைவிட உயரம், "அடுத்து" பொத்தான் கீழே மறைந்திருக்கிறது. எலியால் இழுக்க முடியவில்லை.

#18 சூலே சந்து

ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஜன்னலின் நடுவில் எங்கு வேண்டுமானாலும் பிடித்து மேலே இழுங்கள். தலைப்பட்டை திரைக்கு வெளியே போனாலும் பரவாயில்லை, பொத்தான் வந்துவிடும். 600 வரி உயரத் திரைக்கு இந்த ஒரு பழக்கம் போதும்.

#19 தாட்டன் தம்பி

வைஃபை வந்தது, தமிழ்99 புள்ளியோடு வருகிறது. ஒரே ஒரு சந்தேகம்: ஏறும்போது கிரப்புக்குப் பிறகு பல வினாடி சும்மா நிற்கிறது. திரை அமைப்பில் பார்த்தால் எஸ்வீடியோ என்று இல்லாத ஒரு திரையைக் காட்டுகிறது.

#20 பழைய இரும்பு

அது இந்த இன்டெல் சிப்பின் ஆவி. டிவி வெளியீடு மெஷினில் இல்லை, ஆனால் சிப்புக்குள் இருப்பதால் இயக்கி அதைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது. கிரப்பின் இயல்பு அமைப்புக் கோப்பில் கெர்னல் வரியில், வீடியோ சமம் எஸ்வீடியோ-1 முக்காற்புள்ளி டி என்று சேருங்கள். எஸ்வீடியோவுக்குப் பெரிய எழுத்து, கடைசி டிக்குச் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது. அப்டேட்-கிரப் ஓட்டி மறு ஏற்றம்.